கே என்றால் கிருஷ்ணன்கோவில்

கே.வி. மகாதேவன் என்ற பெயரின் முதல் எழுத்தில் ஓர் ஊர் இருக்கிறது. கே என்றால் கிருஷ்ணன்கோவில், வி என்றால் தந்தை வெங்கடாசலம். நாகர்கோவிலில் வடசேரியை ஒட்டி, கிருஷ்ணன் கோயிலைச் சுற்றி அமைந்த பகுதி அது. 1918 மார்ச் 14ஆம் தேதி அங்கே பிறந்தவர், 2001 ஜூன் 21ஆம் தேதி சென்னையில் காலமானார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நான்கு மொழிகளில் 600க்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர்தான். படம் ‘கந்தன் கருணை’.

சில ஆண்டுகளுக்கு முன் வடசேரிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கீர்த்தனைகளை முடித்துக்கொண்ட நாதஸ்வரக்காரர் சீவாளியை மாற்றினார், உதட்டில் வைத்து ஈரம் பார்த்தார், பிறகு ‘நலந்தானா’வை எடுத்தார். இலைக்குப் போக எழுந்தவர்களில் சிலர் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் கையைத் தட்டி, “தம்பி, இது யாரு போட்ட பாட்டுன்னு தெரியும்லா? நம்ம கிருஷ்ணன்கோயில்காரரு. நம்ம ஆளு பாட்டாக்கும்” என்றார்.

அந்த ‘நம்ம’ என்ற சொல்லோடுதான் வீடு திரும்பினேன். ‘நலந்தானா’ இடம்பெற்ற ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் வந்த படம். கதை கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதியது. படமாக்கியவர் ஏ.பி. நாகராஜன். பாட்டை எழுதிய கண்ணதாசன் காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டிக்காரர். பாடிய பி. சுசீலா ஆந்திரத்து விஜயநகரத்தில் பிறந்தவர். நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படத்தின் நாயகன் பெயரிலும் சிக்கல் என்ற ஊர் இருக்கிறது. இத்தனை ஊர்கள் கூடிச் செய்த ஒரு பாட்டை, கிருஷ்ணன்கோவில் எந்த உரிமையில் தன்னுடையது என்கிறது? அந்தப் பெரியவர் சொன்னது தவறு என்று நான் நினைக்கவில்லை. அவர் சொன்னதில் எது சரி, எவ்வளவு சரி என்பதை விசாரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

தமிழ் இசை உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பெயரிலேயே பதில் சொல்லிவிடும் பழக்கம் உண்டு. அரியக்குடி, செம்மங்குடி, முசிறி, சீர்காழி என்று ஊரைச் சொன்னால் போதும், ஆளைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒட்டியிருக்கும் ஊர் எப்போதும் பிறந்த ஊராக இருப்பதில்லை. செம்மங்குடி சீனிவாச ஐயர் பிறந்தது தாய்மாமன் ஊரான திருக்கோடிக்காவலில். முசிறி சுப்பிரமணிய ஐயர் பிறந்தது பொம்மலாபாளையத்தில். பாபநாசம் சிவன் பிறந்தது நாகப்பட்டினம் பக்கத்துப் போலகத்தில், வளர்ந்தது திருவனந்தபுரத்தில். பாபநாசத்தில் அண்ணன் இருந்ததால் போய் வந்து தங்கிய ஊர், அவர் பெயரில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. திருவாவடுதுறை என்று உலகம் அழைத்த ராஜரத்தினம் பிள்ளை திருமருகலில் பிறந்தவர். யாரும் இதையெல்லாம் பிழை என்று திருத்தப் புறப்படவில்லை. கேட்டவர்கள் எந்த ஊரோடு அந்த இசையைச் சேர்த்துக் கேட்டார்களோ, அந்த ஊர் பெயரில் ஏறிக்கொண்டது.

மகாதேவனுக்கு இது தலைகீழாக நடந்தது. பிறந்த ஊர் அவர் பெயரில் இருக்கிறது, ஆனால் ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருங்கி ஒளிந்துகொண்டது. ‘திரை இசைத் திலகம்’ என்ற பட்டம் தெரிந்தவர்களில் பலருக்கும் அந்தக் ‘கே’ எதன் சுருக்கம் என்று தெரியாது. கும்பகோணமாக இருக்கலாம், கோயம்புத்தூராக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் என்று நாம் சொல்வதே ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மகாதேவன் பிறந்தபோது கிருஷ்ணன்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அரசர் இருந்தது திருவனந்தபுரத்தில். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1ஆம் தேதி அந்த நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதே 1956இல் மகாதேவன் சென்னையில் ‘தாய்க்குப் பின் தாரம்’ படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். தேவர் பிலிம்ஸின் முதல் படம் அது. ஊர் மாநிலம் மாறியபோது அவர் அங்கே இல்லை. அவர் எப்போதோ தமிழ் சினிமாவின் ஆள் ஆகிவிட்டிருந்தார், ஊர்தான் பின்னால் வந்து சேர்ந்தது.

அவருக்கு சினிமாவில் முதல் வாய்ப்பு வந்த படத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மனோன்மணி’. ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் திரைவடிவம். இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக இருப்பது அந்த நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுத்ததுதான். அந்த நாடகத்தில் சேர மன்னனுக்கும் பாண்டிய மன்னனுக்கும் போர் எதனால் வருகிறது? நாகர்கோவிலைச் சூழ்ந்த நாஞ்சில் நாடு யாருக்கு உரியது என்ற வழக்கினால். நாஞ்சில் நாட்டிலிருந்து போன ஒரு இளைஞர், நாஞ்சில் நாட்டின் மேல் இரண்டு அரசர்கள் உரிமை கொண்டாடும் கதையின் மூலம்தான் திரையிசைக்குள் நுழைந்தார். தற்செயல்தான். ஆனாலும் இந்தக் கட்டுரையின் கேள்வியை அவர் வாழ்க்கையின் தொடக்கத்திலேயே யாரோ எழுதி வைத்ததுபோல இருக்கிறது.

உரிமை கொண்டாடுவதற்கு நம் காலத்தில் ஒரு சட்ட வடிவம் உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பொருளின் தரமோ பெயரோ அது விளையும், செய்யப்படும் இடத்தினால் வருகிறது என்று நிறுவினால் புவிசார் குறியீடு கிடைக்கும். கிருஷ்ணன்கோவிலுக்கு அடுத்த தெருக்களில், வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்கு அது கிடைத்திருக்கிறது. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் அணியும் தலைசாமான், நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் அந்தக் கைகளில் உருவாகின்றன. சிவப்புக் கல்லைப் பதிக்கிற அந்த வேலையை வேறு ஊரில் செய்தால் அது ‘நாகர்கோவில் கோயில் நகை’ ஆகாது. பெயருக்கும் இடத்துக்கும் கைக்கும் உள்ள உறவு அங்கே அறுபடவில்லை.

இந்த அளவுகோலை மகாதேவன்மேல் வைத்தால் ஊரின் கட்சி உடனே தோற்றுப்போகும். பாட்டுகள் அங்கே செய்யப்படவில்லை. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில், பல ஊர்களிலிருந்து வந்த வாத்தியக்காரர்களைக் கொண்டு செய்யப்பட்டவை அவை. இசைக்குப் புவிசார் குறியீடு கேட்க முடியாது என்பது ஒரு நல்ல தொடக்கம். ஏனென்றால் அப்போதுதான் சரியான கேள்விக்கு வருகிறோம்: போன ஆள் எதை எடுத்துக்கொண்டு போனார்?

அவருடைய தந்தை வெங்கடாசல பாகவதர். வீட்டில் சங்கீதம் இருந்தது. இளம் வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கிருந்து சென்னை, அங்கே எஸ்.வி. வெங்கட்ராமன் போன்றவர்களிடம் உதவியாளர் வேலை. இந்த வரிசை அந்தத் தலைமுறையின் பல இசையமைப்பாளர்களுக்குப் பொதுவானது. இதில் நாஞ்சில் நாடு மட்டும் தரக்கூடியது என்ன என்று தேடினால், என் காது இரண்டு இடங்களில் நிற்கிறது.

ஒன்று, வில்லுப்பாட்டு. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. சுடலைமாடன் கதையோ முத்தாரம்மன் கதையோ, இரவு முழுக்க நடக்கும். நீண்ட வில்லின் நடுவே குடத்தை அணைத்துக் கட்டியிருப்பார்கள். வில்லின் நாணில் வீசுகோலை அடித்துப் பாடுகிறவர் அண்ணாவி. பக்கத்தில் உடுக்கை, ஜால்ரா, கட்டை. அண்ணாவி ஒரு அடியைச் சொன்னால் மற்றவர்கள் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பப் பாடுவார்கள். அங்கே எவ்வளவு நல்ல மெட்டாக இருந்தாலும் சொல் புரியாவிட்டால் கதை நின்றுபோகும். வயலில் வேலை செய்துவிட்டு வந்து பனையோலைப் பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தாக வேண்டும். அதனால் மெட்டு சொல்லுக்கு வழிவிட்டு நடக்கும். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லையே கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். மகாதேவன் எடுக்கவில்லை. ஆனால் சொல்லுக்கு வழிவிடும் மெட்டு அவரிடம் இருந்தது.

இரண்டாவது, இரண்டு மொழிகளின் எல்லையில் வளர்ந்த காது. தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில், ஒரே நீதிமன்றத்தில், ஒரே கோயிலில் புழங்கிய ஊர் அது. தனக்குரியதல்லாத மொழியின் நெளிவு சுளிவுகளை அந்நியமாக உணராத பழக்கம் அங்கே பிறந்தவர்களுக்கு எளிதில் வரும். தெலுங்கில் அவர் செய்ததை நினைக்கும்போது இதை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மகாதேவனின் வேலை முறை பலரும் அறிந்தது. பாட்டு எழுதி வந்த பிறகுதான் மெட்டு. மெட்டுக்குச் சொல்லை இட்டு நிரப்புவது வழக்கமாகிக்கொண்டிருந்த காலத்திலும், எழுதிய தாளை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு மெட்டமைப்பதையே அவர் விரும்பினார். ‘இதயக்கமலம்’ படத்தில் (1965) கண்ணதாசன் எழுதிய ‘உன்னைக் காணாத கண்ணும் கண்ணல்ல’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வரும் பாட்டு அது. வேறு யாரிடமாவது போயிருந்தால் சலிப்புத் தட்டியிருக்கும். மகாதேவன் அந்தத் திரும்பலை மறைக்க முயலவில்லை. சொல் திரும்புகிற இடத்தில் மெட்டும் திரும்பி வந்து உட்காருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வருகிற வழி சற்றே வேறு. ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் (1957) மருதகாசியின் ‘மணப்பாறை மாடு கட்டி’யும் அப்படித்தான். உழவனுக்கு ஒருவர் அறிவுரை சொல்வதுபோலவே அது பாடப்படுகிறது. சொன்னால் எப்படி இருக்குமோ அதற்கு மேல் மெட்டு ஒரு அடிகூடத் துள்ளுவதில்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘சொல் முதலில், மெட்டு பிறகு’ என்ற முறை நாஞ்சில் நாட்டுச் சொத்து என்று எழுதிவிட எனக்கு ஆசைதான். எழுத முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து நாடகக் கம்பெனிகள் எல்லாம் பாட்டை எழுதி, பிறகு பாடியவைதாம். மதுரையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் போன பையன்களும் அதே பாடத்தைத்தான் படித்தார்கள். ஆகவே வில்லுப்பாட்டு மகாதேவனின் காதைப் பழக்கியது என்று சொல்லலாம், அவரது முறைக்கு அதுமட்டுமே மூலம் என்று சொல்லக்கூடாது. ஊர்ப்பெருமை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு பங்காளியும் இருக்கிறார். மகாதேவன் என்று நாம் சொல்லும் இசையில் பாதி இடத்தில் நிற்பவர் புகழேந்தி. இயற்பெயர் வேலப்பன் நாயர், திருவனந்தபுரத்துக்காரர். மகாதேவன் மெட்டைச் சொல்ல, அதை ஸ்வரப்படுத்தி, வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பாடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பாட்டை முழுமையாக்கியவர். ‘சங்கராபரணம்’ பாட்டுகளை எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்குப் பயிற்றுவித்தவர் அவர்தான். படங்களில் ‘இசை: கே.வி. மகாதேவன், உதவி: புகழேந்தி’ என்று வரும். அந்த ‘உதவி’ என்ற சொல்லுக்குள் எத்தனை ஆயிரம் மணி நேர உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை நாம் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

ஜாஸ் இசையில் இதற்கு நேரான ஒரு ஜோடி உண்டு. டியூக் எலிங்டன் வாஷிங்டன் நகரத்துக்காரர். அவருடைய இசைக்குழுவின் அடையாளப் பாட்டாக உலகம் அறிந்த ‘டேக் த ஏ டிரெயின்’ அவர் எழுதியதே அல்ல. ஒஹாயோவின் டேட்டன் நகரில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்த பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதியது. இருவரும் ஏறக்குறைய மூன்று பத்தாண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள். எந்த ஸ்வரம் யாருடையது என்று பிரிப்பதற்கே ஆய்வாளர்கள் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வாஷிங்டன் எலிங்டனைக் கொண்டாடும்போது பிட்ஸ்பர்க்குக்கும் அதில் பங்கு போகிறது. கிருஷ்ணன்கோவில் மகாதேவனைக் கொண்டாடும்போது திருவனந்தபுரத்துக்கும் பங்கு போக வேண்டும். 1956இல் பிரிந்த இரண்டு நிலங்கள் ஒரு ஆர்மோனியத்தின் முன்னால் பிரியாமல் இருந்திருக்கின்றன.

ஜாஸை நான் சும்மா இழுக்கவில்லை. ஊரை விட்டுப் போனவர்கள் உண்டாக்கிய இசை அது, எனவே ஊர் உரிமை பற்றிய வழக்கும் அங்கேதான் அதிகம் நடந்திருக்கிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1901இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். 1922இல் சிகாகோவுக்குப் போனார். பிற்பாடு நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் கொரோனா என்ற இடத்தில் வீடு வாங்கி, 1971இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1956இல் லூயிசியானா மாநிலம் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. தன் குழுவில் இரு நிறத்தவரையும் வைத்திருந்த ஆம்ஸ்ட்ராங், அந்தச் சட்டம் இருக்கும்வரை பிறந்த ஊரில் வாசிக்க மறுத்தார். 1965இல்தான் திரும்பப் போய் வாசித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, அவர் பிறந்த வீட்டை நகரம் இடித்துத் தள்ளியிருந்தது. இன்று அந்த ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயர். அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருப்பதோ குயின்ஸில். அவருடைய டேப் பதிவுகள், ஒட்டுப்படப் புத்தகங்கள், எக்காளங்கள் எல்லாம் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன. பெயரை ஒரு ஊர் வைத்துக்கொண்டது, பொருளை வேறொரு ஊர் காப்பாற்றியது. ஆராய்ச்சி செய்யப் போகிறவன் எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜான் கோல்ட்ரேன் கதை வேறு மாதிரி. வட கரோலினாவின் ஹாம்லெட்டில் 1926இல் பிறந்தார். கைக்குழந்தையாக ஹை பாயின்ட் என்ற ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே வளர்ந்தார். 1943இல் பிலடெல்பியாவுக்குப் போனார். கடைசியில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் குடியிருந்தார். பிறந்த ஊர், வளர்ந்த ஊர், கற்ற ஊர், எழுதிய ஊர் என்று நான்கும் அவரைத் தங்களுடையவர் என்கின்றன. ஒன்றின் உரிமையால் மற்றொன்றின் உரிமை குறையவில்லை. நம் பக்கத்திலும் பிஸ்மில்லா கான் பீகாரின் டும்ராவில் பிறந்து காசியின் குரலாகவே வாழ்ந்து மறைந்தார். டும்ராவ்காரர்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

மகாதேவனை மிக உரக்கக் கொண்டாடும் ஊர்கள் எல்லாம் தெலுங்குச் சீமையில் இருக்கின்றன. இதைச் சொல்ல நாம் தயங்கக்கூடாது. ‘மஞ்சி மனசுலு’, ‘மூக மனசுலு’, ‘பிரேம் நகர்’, ‘முத்யால முக்கு’, ‘அடவி ராமுடு’ என்று அங்கே அவர் தொட்டதெல்லாம் ஒரு தலைமுறையின் பாட்டுகள். கே. விஸ்வநாத் இயக்கிய ‘சங்கராபரணம்’ அவருக்கு இரண்டாவது தேசிய விருதைக் கொடுத்தது. பாலசுப்பிரமணியமும் வாணி ஜெயராமும் அதே படத்துக்காகத் தேசிய விருது பெற்றார்கள். கர்நாடக இசை தேய்ந்துகொண்டிருக்கிறது என்ற கவலையைக் கதையாக வைத்த தெலுங்குப் படத்துக்கு உயிர் கொடுத்தவர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட திருவிதாங்கூர்க்காரர். பிறகு ‘சிரிவென்னெல’ (1986), ‘சுவாதி கிரணம்’ (1992). இரண்டாவதை அவர் செய்தது எழுபது வயதைத் தாண்டி. தெலுங்குக்காரர் ஒருவர் ‘மாமா எங்கள் ஆள்’ என்று சொன்னால், திரையுலகம் அவரை அழைத்த அந்த ‘மாமா’ என்ற உறவுச் சொல்லோடு சேர்த்து அந்த உரிமையை நான் ஒப்புக்கொள்வேன்.

மகாதேவன் இசையமைத்த ‘திருவிளையாடல்’ படத்தில் (1965) ஒரு கதை வரும். ஹேமநாத பாகவதர் பாண்டியன் அவைக்கு வந்து, என்னை வெல்லப் பாடகன் இல்லையென்றால் பாண்டிய நாடே என் இசைக்கு அடிமை என்று எழுதிக் கேட்கிறார். ஊர் இசைக்கு உரிமை கோருவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே இசை ஒரு நாட்டுக்கே உரிமை கோருகிறது. ஹேமநாதருக்குக் குரல் கொடுத்தது ஆந்திரத்துப் பாலமுரளிகிருஷ்ணா, விறகுவெட்டியாக வரும் சிவனுக்குக் குரல் கொடுத்தது மதுரை டி.எம். சௌந்தரராஜன். ‘ஒரு நாள் போதுமா’வின் செருக்கையும் ‘பாட்டும் நானே’யின் நிறைவையும் அமைத்த கை ஒன்றே. போட்டியின் இரு தரப்புக்கும் சமமாக உழைத்த ஒருவரை ஒரே தரப்பின் ஆளாக்க முயல்வது அந்தப் பாட்டுகளுக்கே ஒவ்வாதது.

நாகர்கோவிலுக்கு இன்னும் வலுவான உரிமை உள்ள ஒருவர் இருக்கிறார், அவரை ஊர் பேசுவதே குறைவு. நீலகண்ட சிவன், 1839இல் வடிவீஸ்வரத்தில் பிறந்தவர். கிருஷ்ணன்கோவிலிலிருந்து நடந்து போகிற தூரம். பத்மநாபபுரத்தில் வாழ்ந்தார். 1900இல் மறைந்தார். சென்னைக்குப் போகவில்லை, கம்பெனியில் சேரவில்லை. முகாரியில் ‘என்றைக்குச் சிவ கிருபை வருமோ’, பூர்விகல்யாணியில் ‘ஆனந்த நடமாடுவார்’, கரகரப்பிரியாவில் ‘நவசித்தி பெற்றாலும்’ என்று இன்றும் கச்சேரிகளில் வாழும் கீர்த்தனைகள் அவருடையவை. பாபநாசம் சிவன் சிறுவனாகத் திருவனந்தபுரத்தில் வளர்ந்த காலத்தில் அவர்மேல் விழுந்த பெரிய நிழல் நீலகண்ட சிவன்தான். வடசேரி நகைக்கு வைத்த அளவுகோலை வைத்தாலும் இவர் தேறுவார்: பிறப்பும் வாழ்வும் படைப்பும் இந்த மண்ணிலேயே. அந்தக் கல்யாண வீட்டில் ‘நலந்தானா’வுக்கு முன்னால் இவருடைய கீர்த்தனை வாசிக்கப்பட்டிருந்தால், பெரியவர் என் கையைத் தட்டி ‘நம்ம ஆளு’ என்று சொல்லியிருப்பாரா? சினிமா கொண்டுவந்து காட்டிய பிறகுதான் நம் ஆளை நாம் அடையாளம் காண்கிறோம் என்றால், அந்த உரிமையில் ஊரின் பங்கைவிட சினிமாவின் பங்கு பெரிது.

என் தீர்ப்பு இதுதான். கிருஷ்ணன்கோவில் மகாதேவனைக் கொண்டாடலாம். அவருடைய காது முதலில் திறந்த இடம் அது. அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது. பாட்டுகளைத் தன்னுடையவை என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. அவை சென்னையின் கூடங்களுக்கும், கண்ணதாசனுக்கும் மருதகாசிக்கும், தெலுங்கில் எழுதிய ஆத்ரேயாவுக்கும் வேட்டூரிக்கும், புகழேந்திக்கும், பெயர் தெரியாத வயலின்காரர்களுக்கும் தபலாக்காரர்களுக்கும் சொந்தம். மணப்பாறையை நேரில் பார்க்காதவர்களும் மணப்பாறை மாட்டை அறிவார்கள். அந்தப் பாட்டின்மேல் மணப்பாறைக்கு இருக்கும் உரிமை கிருஷ்ணன்கோவிலுக்கு இருப்பதைவிடக் குறைந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறப்பினால் ஊருக்கு வந்தது ஒரு முதல் எழுத்து மட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் குயின்ஸ் செய்ததைச் செய்ய வேண்டும்: தேடி எடுத்து, பத்திரப்படுத்தி, கேட்க வருகிறவனுக்குத் திறந்து வைக்க வேண்டும்.

அது பெரிய பணம் கேட்கிற வேலை இல்லை. சிலையும் வளைவும் பிறகு வரட்டும். அவருடைய பாட்டுகள் வந்த 78 சுற்று இசைத்தட்டுகள் இன்னும் நாஞ்சில் நாட்டு வீடுகளின் பரண்களில் உண்டு. பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் உண்டு. நாலு பக்கம், எட்டு பக்கம், மேலே படத்தின் பெயர், கீழே அச்சகத்தின் பெயர். கொடைக்கு வில்லுப்பாட்டுப் பாடிய அண்ணாவிகளின் கையெழுத்து நோட்டுகள் உண்டு. நீலகண்ட சிவனின் கீர்த்தனைகளைப் பாட்டியிடம் கேட்டு மனப்பாடமாக வைத்திருப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நூலகத்தில் ஒரு அலமாரி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, வாரத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்து பட்டியல் எழுத ஒரு ஆள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

இதை வாசிக்கிற நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்யும்போது, இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தப் பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். இசைத்தட்டு இருந்தால் துணியால் துடைத்து, படுக்கப் போடாமல் நிற்க வையுங்கள். நோட்டுப் புத்தகம் இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். அது யாருடையது, எந்த ஆண்டு, யார் பாடியது என்று வீட்டில் மூத்தவர் யாரிடமாவது இன்றைக்கே கேட்டு, அதன் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.